தம்பிக்குக் கோர்ட்டில் மேற்பார்வை ஆணை: இனி யாரிடம் போய் நிற்க வேண்டும்?

மூணாவது பிளாக்

வணக்கம். வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

என் தம்பிக்கு இப்போது இருபது வயது. 2023 கடைசியில், பதினெட்டு முடிந்து நான்கே மாதத்தில், கூட்டாளிகள் இரண்டு பேரோடு சேர்ந்து மூலக்கடை பக்கம் நின்ற ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டாம் நாளே பிடித்துவிட்டார்கள். வண்டி உரியவருக்குத் திரும்பக் கிடைத்தது. இவன் பதினெட்டு நாள் புழலில் இருந்தான். அப்புறம் கண்டிஷன் பெயில், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அம்மா இட்லிக் கடையை அப்படியே போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போவார்.

போன மாதம் தீர்ப்பு. குற்றவாளி என்று சொன்னார்கள், ஆனால் தண்டனை கொடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிணைப்பத்திரம், எங்கள் தாய்மாமன் ஜாமீன், அதில் முதல் ஒரு வருடம் நன்னடத்தை அலுவலரின் (ப்ரொபேஷன் ஆபீசர்) மேற்பார்வை. அனுமதி இல்லாமல் குடியிருப்பை மாற்றக் கூடாது, குடிக்கக் கூடாது, அலுவலர் சொல்லும் நாளில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆர்டரில் இருக்கிறது.

எனக்குக் குழப்பம் இதுதான். பக்கத்து வீட்டு அண்ணன், "நன்னடத்தை பாண்டு என்றால் ரவுடி லிஸ்ட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், மீறினால் நேராக உள்ளேதான்" என்கிறார். ஸ்டேஷனில் ஒருவர், ஞாயிறுதோறும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில் தம்பிக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்கும் இடமும் அவர்களே தருகிறார்கள். போனால் ஆர்டரை மீறியது ஆகுமா? போகாவிட்டால் வேலை போய்விடும். மறுபடியும் அதே தெருமுனை, அதே கூட்டாளிகள். அலுவலரை எத்தனை முறை பார்க்க வேண்டும், மீறினால் உண்மையில் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. எனக்கு இரவில் தூக்கம் இல்லை.

பெரம்பூர் லோகோ

ப்ரொபேஷன் என்றால் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் பார்த்து நிரந்தரம் செய்வார்களே, அதுவா? கம்பெனியில் கேட்டால் போதுமே.

மூணாவது பிளாக்

இல்லை அண்ணா, அது தகுதிகாண் பருவம். இது கோர்ட் ஆர்டர்.

சட்டப்புத்தகம்

நான் ஜார்ஜ் டவுன், எழும்பூர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறவன். முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள் அம்மா. உங்கள் தம்பிக்குக் கிடைத்தது நல்ல ஆர்டர்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வடசென்னையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். காரணம், தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். "நன்னடத்தைப் பிணையை மீறிய ரவுடிக்கு இத்தனை நாள் சிறை" என்று பேப்பரில் வருகிறதே, அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவு பாண்டு. புதிய சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அது 129ஆவது பிரிவு. அங்கே குற்றம் நிரூபணம் ஆகியிருக்க வேண்டியதே இல்லை. "இந்த ஆள் இனிமேல் ஏதாவது செய்துவிடுவான்" என்று காவல் துறை சொல்லும், நிர்வாக நடுவர் முன்னால் எழுதி வாங்குவார்கள். மீறினால் மிச்சமிருக்கும் காலத்துக்குச் சிறை. சென்னையில் காவல் துணை ஆணையர்களே நடுவர்களாக உட்கார்ந்து இதைச் செய்துவந்தார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளை 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

உங்கள் தம்பியின் ஆர்டர் வேறு சட்டம். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். இதைக் கொடுப்பது நீதிமன்றம், பார்த்துக்கொள்வது நன்னடத்தை அலுவலர். காவல் துறைக்கு இதில் மேற்பார்வை வேலை கிடையாது.

இந்தச் சட்டத்துக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் லேசானது 3ஆவது பிரிவு. திருட்டு, ஏமாற்று போன்ற சில குற்றங்களிலும், இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களிலும், முன்பு தண்டனை பெற்றிராதவராக இருந்தால் கண்டித்து அனுப்பிவிடலாம். பாண்டும் இல்லை, அலுவலரும் இல்லை. அதற்கு அடுத்த படி 4ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு. அதிகபட்சம் மூன்று வருடத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஒழுங்காக இருக்க வேண்டும், கூப்பிட்டால் தண்டனை வாங்க வந்து நிற்க வேண்டும். அங்கேயும் யாரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. மூன்றாவது படிதான் உங்களுடையது, பத்திரத்தோடு சேர்த்து மேற்பார்வை ஆணை. அந்த ஆணை போட்டால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதனால் ஒரு வருடம் என்பது உங்கள் தம்பியைப் பார்த்துக் கூட்டிப் போட்ட காலம் என்று நினைக்காதீர்கள், அதுதான் ஆகக் குறைந்தது. அதற்கு மேல் குடி, குடியிருப்பு, சேர்க்கை என்று நிபந்தனைகள் ஏறஏறக் கண்காணிப்பு இறுகும்.

தூக்குத் தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இருந்தால் 4ஆவது பிரிவு கிடைக்காது. கொலை முயற்சி வழக்கில் மாட்டியவர்களின் அம்மாக்கள் வந்து இதைக் கேட்கும்போது, இல்லை என்று சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஸ்டேஷன் கையெழுத்து பெயில் நிபந்தனை. வழக்கு முடிந்ததும் அதுவும் முடிந்தது. ஆர்டர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஸ்டேஷன் என்ற சொல்லே இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் வக்கீல் மூலமாக எழுத்தில் கொடுங்கள்.

ஒரகடம் விஷயத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன், வாய்தாவுக்கு நேரமாகிறது.

விசைப்படகு

அக்கா, நான் காசிமேடு. நானே இந்த மேற்பார்வையில் ஒரு வருடம் இருந்தவன். அடிதடி கேஸ். வக்கீல் சார் எழுதியதைப் படித்தபோது, அன்றைக்கே இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. முதல் மாதம் நான் அலுவலரைப் பார்க்கவே போகவில்லை. அவரும் போலீஸ்தான் என்று நினைத்தேன்.

என் வேலை என்ன தெரியுமா, போட்டில் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கடலில். மாதத்தின் முதல் வாரம் வந்து பார் என்று சொல்லியிருந்தார்கள். காற்றும் மீனும் முதல் வாரம் கரைக்கு வா என்றா சொல்லும்? இரண்டாவது மாதமும் தவறிவிட்டது. அலுவலர் வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டை பேண்ட்தான், யூனிஃபார்ம் இல்லை. அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, போட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். நான் வந்ததும் ஓடினேன். திட்டினார், நல்ல திட்டு. அப்புறம், "கரைக்கு வந்த மூன்று நாளுக்குள் வா, போகும் முன் போன் பண்ணு" என்று மாற்றிக் கொடுத்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் நான் கரையில்தானே. அப்போது மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வரச் சொன்னார். வேலை இல்லாத நாளில்தான் நான் குடிப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை, அம்மா சொல்லியிருக்கிறார்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தவறினால் அது வேறு. சொல்லாமல் தவறினால் வேறு. இது ஒன்றை மட்டும் தம்பிக்குச் சொல்லிவிடுங்கள்.

ஓய்வில் ஒருவர்

மேலே காசிமேட்டுத் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு எழுதத் தோன்றியது. நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் மாநிலத்தில் வயது வந்தோருக்கான இந்தப் பிரிவு சிறைத் துறையோடு சேர்ந்து இருக்கிறது. அதனாலேயே மக்களுக்குப் பயம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு சமூகப் பாதுகாப்புத் துறை என்று முன்பு பெயர் இருந்த துறையின் கீழ் வேறு அலுவலர்கள்.

அம்மா, சட்டத்தின் 14ஆவது பிரிவில் எங்கள் வேலை என்ன என்று எழுதியிருக்கிறது. நீதிமன்றம் கேட்டால் அந்த நபரின் குணத்தையும் வீட்டுச் சூழலையும் விசாரித்து அறிக்கை கொடுப்பது, மேற்பார்வை செய்வது, இழப்பீடு கட்டச் சொல்லியிருந்தால் அதற்கு வழிகாட்டுவது. இதோடு இன்னொன்றும் இருக்கிறது: தேவைப்பட்டால் அவருக்கு ஏற்ற வேலை தேடிக் கொடுக்க முயல்வது. ஆம், வேலை தேடிக் கொடுப்பது அலுவலரின் சட்டப்படியான கடமை. உங்கள் தம்பி தானே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறான். எந்த அலுவலரும் மனம் கோண மாட்டார்.

எத்தனை முறை பார்ப்பது என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் ஒரே அளவு என்று வைத்தால் அது மேற்பார்வையே இல்லை. நான் செய்தது இப்படி. ஆர்டர் வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போய்விடுவேன். போகும்போது, பக்கத்தில் யாராவது கேட்டால் என்னை யார் என்று சொல்ல வேண்டும் என்று வீட்டாரிடமே கேட்டுக்கொள்வேன். ஒருவர் என்னை எல்.ஐ.சி.காரர் என்று சொல்லிவைத்திருந்தார், ஒரு வருடமும் அப்படியே இருந்தேன். உட்கார்ந்ததும் நான் தெரிந்துகொள்ளப் பார்ப்பது ஒரே விஷயம்: இந்தப் பையன் யார் பேச்சைக் கேட்பான்? சில வீட்டில் பாட்டி, சில வீட்டில் கால்பந்து கோச், ஒரு வீட்டில் அண்ணி. அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் என் வேலையில் பாதி முடிந்தது. முதல் மூன்று மாதம் அடிக்கடி பார்ப்பேன். வேலைக்குப் போகிறான், இரவில் வீட்டில் படுக்கிறான், பழைய கூட்டம் விட்டுப்போயிற்று என்று தெரிந்ததும் மாதம் ஒரு முறை. பிறகு அதையும் தளர்த்துவேன். நடத்தை திருப்தியாக இருந்தால் பத்திரத்தையே ரத்து செய்யலாம் என்று நீதிமன்றத்துக்கு மனுப் போடவும் 8ஆவது பிரிவில் இடம் இருக்கிறது.

குடிப்பழக்கம் முற்றியவன், வீட்டில் யாரும் இல்லாதவன், இவர்களைத் தளர்த்தியதில்லை. ஒருவனைத் தளர்த்தி நான் பட்டிருக்கிறேன். நல்ல பையன், பேச்சில் மயங்கிவிட்டேன். நான்கு மாதம் போய்ப் பார்க்கவில்லை. ஐந்தாம் மாதம் அவனைப் புழலில்தான் பார்த்தேன். இன்னும் அவன் அம்மா முகம் மறக்கவில்லை.

எம்.சி. ரோடு வியாபாரி

எல்லோரும் அந்தப் பையன் பக்கமே பேசுகிறீர்கள். என் கடையில் இரண்டு வருடத்துக்கு முன் ஷட்டரை நெம்பித் துணி எடுத்துப் போனார்கள். தீபாவளி சரக்கு. பிடித்தார்கள், கேஸ் நடந்தது, கடைசியில் பையன் சின்ன வயசு என்று பாண்டில் விட்டுவிட்டார்கள். என் சரக்குக்கு யார் பொறுப்பு? பைக்காரர் எத்தனை நாள் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்திருப்பார் என்று யாராவது கேட்டீர்களா?

சட்டப்புத்தகம்

ஐயா கேட்பது நியாயம். அதே சட்டத்தின் 5ஆவது பிரிவில், நன்னடத்தையில் விடும் நீதிமன்றமே பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்லலாம் என்று இருக்கிறது. பல வழக்குகளில் யாரும் அதைக் கேட்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் கேட்க மாட்டார், அரசு வழக்கறிஞர் அடுத்த கேஸுக்குப் போய்விடுவார், புகார்தாரர் அன்றைக்குக் கோர்ட்டில் இருக்கவே மாட்டார். உங்கள் வழக்கிலும் இதுதான் நடந்திருக்கும். கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது எங்கள் தொழிலின் குறை.

சின்ன வயசு என்பது சலுகையாகச் சொன்ன காரணம் இல்லை. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதாக இருந்தால், ஏன் நன்னடத்தையில் விட முடியாது என்று நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும் என்பது 6ஆவது பிரிவு. குற்றம் ஆயுள் தண்டனை வரை போகாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீதிமன்றம் முடிவெடுக்கும் நாளில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போய் இருபத்தொன்று தாண்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இந்த அக்காவின் தம்பிக்கு நல்ல வேளை.

எம்.சி. ரோடு வியாபாரி

சட்டம் சரி. என் மனசு ஒப்பவில்லை. அந்தப் பையன் ஒரு நாள் வந்து தலை குனிந்து நின்றிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு

நான் சமூகப்பணி படிக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. ஓய்வு பெற்ற ஐயா எழுதியதைப் படித்தபோது, எங்கள் பாடத்தில் வந்தது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் வெளிநாட்டில் எப்படி என்று சொல்கிறேன்.

இந்த முறைக்கு ஆரம்பம் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்பவர், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி நீதிமன்றத்தில் ஜாமீன் நின்றார். சட்டம் வந்தது 1878-ல். நம் சென்னை மாகாணம் இதில் பின்தங்கவில்லை, 1958 மத்தியச் சட்டத்துக்கு இருபது வருடம் முன்பே இங்கே தனியாக நன்னடத்தைச் சட்டம் இருந்தது.

அமெரிக்காவில் இன்று நபரைப் பார்த்ததுமே ஒரு கேள்வித்தாளை வைத்து மதிப்பெண் போடுவார்கள். முன்பு எத்தனை முறை பிடிபட்டார், வேலை உண்டா, போதைப் பழக்கம் உண்டா, யாரோடு சுற்றுகிறார் என்றெல்லாம். அதை வைத்துக் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று பிரிப்பார்கள். குறைந்த படியில் இருப்பவர் போனில் தகவல் சொன்னாலே போதும். அதிகப் படியில் அடிக்கடி நேரில் போக வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனை இருக்கும், சிலருக்குக் காலில் மின்னணுப் பட்டை. இடத்துக்கு இடம் பெயரும் அளவும் மாறும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 1990களின் தொடக்கத்தில், அங்கே 9 மாநிலங்களில் 14 இடங்களில் தீவிர மேற்பார்வைத் திட்டங்களை ஆராய்ந்தார்கள். கண்காணிப்பைக் கூட்டியதால் புதுக் குற்றங்கள் குறையவில்லை. நேரத்துக்கு வரவில்லை, பரிசோதனையில் தவறிவிட்டார் என்ற வகை மீறல்கள்தான் அதிகமாகப் பிடிபட்டன. சின்னத் தவறு செய்தவரைப் பெரிய குற்றவாளியைப் போல நெருக்கினால் வேலையும் போகும், குடும்பமும் கசக்கும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். இந்த அக்காவின் தம்பியை வாரம்தோறும் ஸ்டேஷனில் நிற்க வைப்பது அந்த வகைதான். ஞாயிறு என்பது அவனுக்கு ஓவர்டைம் நாளாக இருக்கலாம்.

கொருக்குப்பேட்டை அம்மா

என் மகன் பதினாறு வயதில் ஒரு கேஸில் மாட்டிக் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். எங்களுக்குக் கோர்ட் இல்லை, இளைஞர் நீதிக் குழுமம். அங்கே எச்சரித்து அனுப்புவது, கவுன்சலிங், சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தையில் விடுவது என்று பல மாதிரி உண்டு. நான் கையெழுத்துப் போட்டு மகனை வாங்கினேன். பள்ளியில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியே சொல்வது குற்றம் என்று அந்த அலுவலர் அம்மாதான் விளக்கினார். யாராவது சின்னப் பிள்ளை விஷயமாக இங்கே எழுதினால் பெயர், பள்ளி, தெரு எதையும் எழுதாதீர்கள்.

சட்டப்புத்தகம்

ஒரகடம் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

தம்பி சொல்லாமல் போகவே கூடாது. போனால் அதுதான் மீறல். ஆனால் போக வழி இருக்கிறது. 8ஆவது பிரிவின்படி நிபந்தனையை மாற்றச் சொல்லி மனுப் போட வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். ஆகவே முதலில் அவரைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த வேலைக் கடிதம், தங்கும் இடத்தின் முகவரி, அங்கே பொறுப்பாளர் யார், வாராந்திர விடுமுறை எது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நீதிமன்றம் மாற்றும் முன் தம்பியையும் ஜாமீன்தாரரையும் கேட்க வேண்டும். உங்கள் மாமா சம்மதிக்காவிட்டால் புதிதாகப் பத்திரம் எழுதச் சொல்லலாம். மாமாவிடம் இன்றைக்கே பேசுங்கள், கோர்ட்டில் வந்து முதல் முறையாகக் கேள்விப்பட்டால் அவர் மிரண்டுவிடுவார். ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம் என்பதால், அங்குள்ள அலுவலரிடம் மேற்பார்வையை ஒப்படைக்கவும் 13ஆவது பிரிவில் வழி உண்டு.

ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். பிளாக்கை இடித்துக் கட்டப்போகிறோம் என்று காலி செய்யச் சொன்னால், நாம் விரும்பி வீடு மாறவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சம்மன் பழைய கதவில் ஒட்டப்படும், ஆளைக் காணோம் என்று அறிக்கை போகும், வாரண்ட் வரும். புளியந்தோப்பில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு அப்படியே நடந்தது.

மீறினால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். உடனே உள்ளே என்பது தவறு. நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பிக் கூப்பிட்டு விசாரிக்கும். முதல் மீறலுக்குப் பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய் வரை அபராதம் போட்டு விடலாம், 1958-ல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. ஆனால் விரும்பினால் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கவும் அதிகாரம் உண்டு. ஐம்பது ரூபாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

புது வண்ணை

பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாம் போய்விடுமா? என் அக்கா மகனுக்கும் இதே மாதிரி.

சட்டப்புத்தகம்

தண்டனையால் வரும் தகுதியிழப்பு, 3 அல்லது 4ஆவது பிரிவில் விடப்பட்டவருக்குக் கிடையாது என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் குற்றவாளி என்ற முடிவே அழிந்துவிடாது. ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். வழக்கை விட மறைத்ததுதான் பலருக்கு வேலையைப் பறித்திருக்கிறது. பாஸ்போர்ட் சட்டத்தில் தண்டனையைக் காரணம் காட்டி மறுப்பது, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டு ஐந்து வருடம் ஆகாதவர்களுக்கு. இங்கே சிறையே விதிக்கவில்லை.

இன்னொன்று, வடசென்னையில் கஞ்சா வழக்குகள் அதிகம் என்பதால் சொல்கிறேன். போதைப்பொருள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, பதினெட்டு வயது நிரம்பியவருக்கு நன்னடத்தைச் சட்டத்தை அடைத்துவிடுகிறது. சிறிய அளவு, அதாவது கஞ்சாவில் ஒரு கிலோ வரை, வைத்திருந்தவர் போதைக்கு அடிமையானவராக இருந்தால் 39ஆவது பிரிவில் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே மருத்துவ அறிக்கை முக்கியம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-க்குப் போன் செய்யுங்கள்.

மூணாவது பிளாக்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆர்டர் நகலை லேமினேட் செய்து தம்பி பையில் வைத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு அம்மாவும் நானும் போனோம். ஞாயிறு கையெழுத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நகலை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரை கேட்டோம். படித்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

அலுவலர் பெண். நான் நினைத்த மாதிரியே இல்லை, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். ஓய்வு பெற்ற ஐயா எழுதிய அதே கேள்வியைக் கேட்டார், இவன் யார் பேச்சைக் கேட்பான் என்று. அம்மா என்னைக் கை காட்டினார். தம்பி இல்லை என்று தலையாட்டிவிட்டு, "மாமா" என்றான். இத்தனை வருடம் எனக்கே தெரியாது.

மாமா முதலில் மறுத்தார். அவ்வளவு தூரத்தில் இவன் என்ன செய்கிறான் என்று தனக்கு எப்படித் தெரியும், பத்திரத்தில் இருப்பது தன் பெயர் என்றார். நியாயம்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு தம்பி மாமா வீட்டுக்கு வந்து படுக்க வேண்டும் என்று அலுவலரே ஒரு வழி சொன்னார். அதற்கு ஒப்புக்கொண்டார். மனு போயிற்று, போன வியாழக்கிழமை நீதிபதி அனுமதித்துவிட்டார். காஞ்சிபுரம் அலுவலருக்கு மாற்றும் கடிதம் வரும் வரை மாதம் ஒரு முறை இங்கேயே வந்து பார்க்க வேண்டும். கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே பஸ் ஏறி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

எம்.சி. ரோடு ஐயாவுக்கு ஒன்று. உங்கள் பதிவைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். பைக்கின் பூட்டையும் ஒயரையும் உடைத்திருந்தார்கள், அதற்குக் கோர்ட்டில் எதுவும் கேட்கவில்லை. நேரே போய்ப் பார்க்கலாமா என்று வக்கீல் சாரிடம் கேட்டேன். மிரட்ட வந்ததாக ஆகிவிடும், அலுவலர் மூலமாகப் போங்கள் என்றார். அலுவலர் அந்த பைக்காரரிடம் பேசினார். முதல் சம்பளத்திலிருந்து 2,800 ரூபாய் கொடுப்பதாக எழுதி வைத்திருக்கிறோம். அவர் அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். தம்பியைப் பார்க்க விருப்பமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

எம்.சி. ரோடு வியாபாரி

நல்லதம்மா. அவர் வந்தால் தம்பியை அன்றைக்கு அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, நிற்கட்டும்.

விசைப்படகு

அக்கா, நைட் ஷிஃப்ட் முடித்து ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்தால் இங்கே வர மதியம் ஆகிவிடும், நடுவில் தூங்கிப்போவான். அலுவலர் அம்மாவிடம் இப்போதே மதியத்துக்கு மேல் என்று நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்தத் தேதி என்று காலண்டரில் மாமாவையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூணாவது பிளாக்

குறித்தாகிவிட்டது தம்பி. மூன்று மணிக்குப் பிறகு வரலாம் என்று சொல்லிவிட்டார்.